வாசித்த வசனம் நம் காரியங்களில் தலையிட வேண்டும்

“தினமும் வேதம் வாசிக்கிறேன், ஞாயிறு ஆராதனையையும் விடுவதில்லை. ஆனால் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் என் விசுவாசத்துக்கும் என் வாழ்க்கைக்கும் சம்பந்தமே இல்லாதது போல இருக்கிறது. விசுவாசத்தை அன்றாடம் எப்படி வாழ்வது?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். போனில் வேதம் வாசிப்பது சரியா என்பது உங்கள் இன்னொரு கேள்வி.

எனக்குத் தெரிந்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் நிறைய வாசிப்பதால் மட்டும் இது சரியாகாது. வாசித்த வசனம் நம் பணத்திலும், கூலி கொடுப்பதிலும், சண்டை சச்சரவிலும் தலையிட இடம் கொடுக்க வேண்டும். அங்கெல்லாம் கதவை அடைத்துவிட்டு ஜெப நேரத்தை மட்டும் நீட்டினால், நீங்கள் சொல்கிற அந்த இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

இதை நான் படித்தது அப்பாவின் கடையில். மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஓரமாக ஒரு சின்ன ஊர், அதில் ஒரு பலசரக்குக் கடை. கடை திறப்பதற்கு முன் அப்பா வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் ஒரு அதிகாரம் வாசிப்பார். மொத்தம் 31 அதிகாரம் என்பதால் 1-ஆம் தேதி முதல் அதிகாரம், 2-ஆம் தேதி இரண்டாவது என்று தேதிப்படி போகும். நம் வீடுகள் பலவற்றில் இருக்கிற பழக்கம்தான். ஆனால் ஒரு வியாபாரி இப்படி வாசித்தால் என்ன நடக்கிறது பாருங்கள். மாதாமாதம் 11-ஆம் தேதி “கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது” என்று வரும். 16-ஆம் தேதி, நிறைகோலும் தராசும் கர்த்தருடையவை என்று வரும். 20-ஆம் தேதி, வெவ்வேறான நிறைகல் அவருக்கு அருவருப்பு என்று ஒரே அதிகாரத்தில் இரண்டு தடவை வரும். கடைச் சாவியைக் கையில் வைத்திருக்கிறவரிடம் மாதத்தில் மூன்று நாள் வேதம் அவருடைய தராசைப் பற்றியே பேசுகிறது.

கருப்பட்டி நிறுத்த தட்டில் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சீனியும் மாவும் படிந்து இறுகிப்போகும். சாமான் வைக்கிற தட்டில் அது இருந்தால், அந்த எடை அவ்வளவும் வாங்குகிறவருக்கு நஷ்டம். பார்த்தால் தெரியாது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்பா தினமும் காலையில் ஈரத்துணியால் தட்டின் அடிப்பக்கம் வரைக்கும் துடைப்பார். வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து, முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் முதல் வியாபாரம். நேர்மையைப் பற்றி அவர் எனக்கு எதுவும் உபதேசம் பண்ணியதில்லை. காலையில் வாசித்ததும் அந்தத் துணியும் ஒன்றோடொன்று சேர்ந்தவை என்பது சின்ன வயதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் வேலைக்கு இது நேரடியாகப் பொருந்தும். லேவியராகமம் வந்தாலே பலர் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள், பலியும் குஷ்டமும்தானே என்று. 19-ஆம் அதிகாரத்தையாவது விடாதீர்கள். “உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக” என்று இயேசு எடுத்துச் சொன்னது இந்த அதிகாரத்திலிருந்துதான். அந்த அன்பு எப்படி இருக்கும் என்பதையும் அதே அதிகாரம் சொல்கிறது. வயலின் ஓரத்தை முழுசாக அறுக்காமல் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவை. செவிடனைத் திட்டாதே. நரைத்தவர் முன் எழுந்து நில். அப்புறம் 13-ஆம் வசனம்: “கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.” ஒரு ராத்திரிகூட வைத்திருக்காதே என்கிறது. ஏனென்றால் அன்றன்றைக்கு வாங்கிச் சமைக்கிற வீடு அது.

உங்கள் மேஜைக்கு வருகிற பில்களில் சின்ன ஆட்களுடையவையும் இருக்கும், இல்லையா? தண்ணீர் கேன் போடுகிறவர், ஏசி பழுது பார்த்தவர், அச்சகக்காரர். பெரிய நிறுவனத்தின் பில் ஒரு வாரம் தள்ளிப்போனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இவர்களுக்கு ஆகும். விதிமுறையை மீறச் சொல்லவில்லை. விதிமுறைக்குள்ளேயே எதை முதலில் எடுப்பது என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது. பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 சொல்கிறது. திங்கட்கிழமை வேலைக்கும் உங்கள் விசுவாசத்துக்கும் சம்பந்தம் வேண்டும் என்றால், அது கண்ணெதிரே இருக்கிறது.

அடுத்தது சண்டை. மாலையில் கோயில் மணி (எங்கள் ஊரில் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) அடித்ததும் வீட்டில் பாய் விரிப்போம். ஒரு கீர்த்தனை, ஒரு சங்கீதம், பிறகு ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இயேசு கற்பித்த பரமண்டல ஜெபம். சங்கீதத்தை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருந்தால் அம்மா பாட்டை ஆரம்பிக்கவே மாட்டார். “சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது” என்ற எபேசியர் வசனத்தைச் சொல்லி, “இருட்டப் போகுது, பேசுங்க” என்பார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாவது இரண்டு வார்த்தை பேசியாக வேண்டும். பெரியவர்களுக்கும் இதே சட்டம்தான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் வேலி விஷயமாக மனஸ்தாபம் வந்தபோது, கோயிலில் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின நாள் அப்பா தானாகவே சித்தப்பா வீட்டுக்குப் போனார். வேலி எங்கே வர வேண்டும் என்பது அன்றைக்கு முடிவாகவில்லை. ஆனால் மறுநாள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காற்படியிட்டார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5:24 எனக்கு எப்போதும் இப்படித்தான் ஞாபகம் வரும்.

குடும்ப ஜெபத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். தனி ஜெபம் அவசியம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னவர் ஆண்டவரே. ஆனால் தனியாக இருக்கும்போது நம்மை யாரும் பார்ப்பதில்லை. பகல் முழுக்க நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பது தெரிந்தவர்கள் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வசனம் வாசிப்பது வேறு மாதிரி இருக்கும். உபாகமம் 6-ஆம் அதிகாரமும் வீட்டில் உட்காரும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் இவற்றைப் பேசு என்றுதான் சொல்கிறது. இப்போது சென்னையில் எங்கள் வீட்டில் மணியும் கிடையாது, எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்து சேர்வதும் கிடையாது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு சங்கீதம், ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். பத்து நிமிஷம் போதும்.

எவ்வளவு வாசிப்பது என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. வாரநாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று போனால் ஒரு வருஷத்தில் முடிந்துவிடும். வாழ்க்கையில் ஒரு தடவையாவது இப்படி முழுவதும் வாசித்துவிடுவது நல்லது. ஏனென்றால் தனி வசனமாக எடுத்தால் பொருள் மாறிப்போகிறது. புத்தாண்டு ஆராதனையில் அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் எரேமியா 29:11 அடிக்கடி வரும்: “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்துப் பாருங்கள். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட ஜனத்துக்கு எழுதின கடிதம் அது. முந்தின வசனத்திலேயே 70 வருஷம் ஆகும் என்று வருகிறது. அதுவரைக்கும் என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், உங்களைச் சிறையாக்கி வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள். அட்டையில் வந்த ஒரு வரியைவிட இது எனக்குப் பெரிய ஆறுதல். பிடிக்காத இடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருக்கிற ஒவ்வொருவரும் அந்த அதிகாரத்தை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வாசிக்கவே தெரியாதவர்களும் இதில் குறைந்துபோகவில்லை. 1542-இல் கத்தோலிக்க மிஷனரி பிரான்சிஸ் சவேரியார் எங்கள் கடற்கரைப் பக்கம் வந்தபோது தமிழில் அச்சிட்ட வேதாகமம் என்று ஒன்று கிடையாது. அவர் மணி அடித்துக்கொண்டே தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் தமிழில் மனப்பாடம் பண்ண வைத்தார். பிற்பாடு தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டதற்குப் பிறகும், ஊர்களில் பெரும்பாலானவர்கள் காதால் கேட்டு மனதில் வைத்துக்கொண்டவர்கள்தான். என் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் 23, 91, 121-ஆம் சங்கீதங்கள் முழுசாகத் தெரியும். உலையில் போட அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, மீதியைத்தான் களைவார். அந்தக் கைப்பிடி அரிசி மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். அரிசி குறைவாக இருந்த நாட்களிலும் அந்தக் கை டப்பாவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். வசனத்தை மனப்பாடம் பண்ணுங்கள். வேலைக்கு நடுவில் கோபம் வரும்போது வேதாகமத்தைத் திறந்து தேட முடியாது, மனதில் இருப்பதுதான் வரும்.

ஜெபமே வராத நாட்களும் உண்டு. அதற்காகப் பயப்படாதீர்கள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்றுதான் 13-ஆம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரைக்கும் இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எனக்குச் சொந்தமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. 88-ஐ மட்டும் வாசித்துவிட்டுப் படுப்பேன். அதுவே என் ஜெபமாக இருந்தது.

போனில் தாராளமாக வாசிக்கலாம். மின்சார ரயிலில் நிற்கக்கூட இடமில்லாதபோது காதில் கேட்டுக்கொண்டே போவதும் வாசிப்புதான். டேட்டாவை மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டாம் வசனத்தில் வாட்ஸப் வந்து நிற்கும். குடும்ப ஜெபத்துக்கு மட்டும் அச்சிட்ட வேதாகமம் வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் தாளைப் புரட்டித் தேடினால்தான் எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகும்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், புதிய ஏற்பாட்டில் யாக்கோபு நிருபத்தில் ஆரம்பியுங்கள். ஐந்தே அதிகாரம், 108 வசனம், ஒரே தடவையில் வாசித்துவிடலாம். அடுத்த நாள் முதல் அதிகாரத்தை மட்டும் திரும்ப எடுத்து, அன்றைக்கு அலுவலகத்தில் செய்ய வேண்டிய ஒரு காரியத்தை அதிலிருந்து குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.