டாலர் வைத்திருந்த ஏழை

கேள்வி: இளமையில் பாரிஸில் பட்டினி கிடந்ததை அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே தன் நினைவுக்குறிப்பில் எவ்வளவு இனிமையாக நினைவுகூர்கிறார்! அந்நிய நகரத்து வறுமையிலும் ஒரு சுகம் இருக்கத்தானே செய்கிறது?
– கும்பகோணம் வாசகர்

பதில்: யாருடைய வறுமை என்று முதலில் பார்த்துவிடுவோம். 1922 ஜனவரியில் அவரும் மனைவி ஹாட்லியும் கார்டினல் லெமுவான் தெருவில் குடியேறினார்கள். வெந்நீர் கிடையாது, கழிப்பறை மாடிப்படி ஓரத்தில். எல்லாம் உண்மை. ஆனால் ஹாட்லியின் குடும்பச் சொத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 3,000 டாலர் வந்துகொண்டிருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் பிரெஞ்சு நாணயமான பிராங்க் சரிந்துகிடந்த நேரம். 1,000 டாலர் இருந்தால் ஒரு கனடாக்காரர் பாரிஸில் ஓராண்டு சுகமாக வாழலாம் என்று அதே ஆண்டு பிப்ரவரியில் டொரொன்டோ பத்திரிகைக்குச் செய்தி எழுதியவர் வேறு யாருமல்ல, ஹெமிங்வேதான்! பட்டினிக் கதையை அவர் எழுத உட்கார்ந்தது ஐம்பதுகளின் கடைசியில். குளிர்காலத்தில் ஆஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்கு விளையாடப் போனதும் அதே நினைவுக்குறிப்பில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் உங்கள் கண்ணில் படவில்லை போலும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் பொ-து-ஃபேர் தெரு. 1928இல் அங்கே ஒரு மலிவு விடுதியில் வந்து தங்கினார், பின்னாளில் ஜார்ஜ் ஆர்வெல் என்று பெயர்பெற்ற ஆங்கில எழுத்தாளர். மூட்டைப்பூச்சி மிஞ்சிப்போனால் கந்தகத்தைக் கொளுத்திப் பக்கத்து அறைக்கு விரட்டுவார்களாம். பக்கத்து அறைக்காரர் மட்டும் சும்மா இருப்பாரா? அவர் பங்குக்குக் கொளுத்தித் திருப்பி அனுப்புவார். கையிலிருந்த காசும் களவுபோன பிறகு, ஆர்வெல் ஓட்டல் சமையலறையில் தட்டுக் கழுவினார். (இவரையும் முழுதாக நம்பிவிட வேண்டாம். அம்மாவுடன் பிறந்தவர் ஒருவர் அப்போது அதே பாரிஸில்தான் இருந்தார். பாரிஸ் வறுமையைப் பற்றி இவர் எழுதிய புத்தகத்தில் அவரைக் காணோம்.)

காலம் போகப்போக எல்லாம் இனித்துவிடும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். 1929 மார்ச்சில் நிமோனியாவோடு ஏழைகளுக்கான ஒரு பாரிஸ் மருத்துவமனையில் கிடந்ததைப் பற்றி ஆர்வெல் கட்டுரை எழுதியது 1946இல், பதினேழு ஆண்டுகள் கழித்து. அப்போதும் அவருக்கு இனிக்கவில்லை. சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளுக்குள் தீக்குச்சி கொளுத்தி, ஒரு நோயாளியின் முதுகில் கவிழ்த்துக் கொப்புளம் எழுப்பினார்கள். பிறகு அதே குப்பிகளைக் கழுவாமல் கொள்ளாமல் இவர் முதுகில் கவிழ்த்தார்கள்.