சீனத்தைத் தமிழ்வழி கற்பிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பல்கலைக்கழகத்தில் சீன மொழி பயின்ற நான், வார இறுதிகளில் தரம் 9, 10 மாணவர்களுக்கு வகுப்பு நடத்தி வருகிறேன். பாடநூலின் விளக்கம் ஆங்கிலத்தில் இருப்பதால் நானும் ஆங்கிலத்திலேயே விளக்குகிறேன். சொற்களை மனனம் செய்துவிடுகிறார்கள். ஆனால் நான்கு தொனிகளும் அவர்கள் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. என்ன செய்யலாம்?
- ஓர் ஆசிரியை, ஹட்டன்

பதில்: முதல் வேலையாக அந்த ஆங்கில விளக்கத்தை ஒதுக்கி வையுங்கள். அரைகுறையாகத் தெரிந்த ஒரு மொழியின் வழியாக முற்றிலும் தெரியாத ஒரு மொழிக்குப் போகும்படி பிள்ளைகளைக் கேட்கிறோம். தமிழ் அவர்களுக்கு இதைவிடக் குறுகிய வழி.

தொனி அவர்களுக்குப் புதியதன்று. சொன்னது காதில் விழாதபோது ‘ம்?’ என்று குரலை ஏற்றிக் கேட்கிறோம். அந்த ஏற்றம் சீனத்தின் இரண்டாம் தொனி. உடனே சம்மதிக்கும்போது வரும் ‘ம்’ மேலிருந்து சட்டென்று விழுகிறது. அது நான்காம் தொனி. மனமில்லாமல் தொண்டைக்குள் இழுக்கும் ‘ம்ம்’ மூன்றாவதற்கு மிக அருகில் நிற்கிறது. மருத்துவர் தொண்டையைப் பார்க்கும்போது சொல்லும் ‘ஆ’வைச் சற்று உயர்த்தி ஒரே மட்டத்தில் நிறுத்தினால் முதலாவது கிடைத்துவிடும். நாம் இவற்றை மனநிலையைக் காட்டப் பயன்படுத்துகிறோம், சீனர் சொல்லின் பொருளையே இவற்றால் பிரிக்கிறார்கள் என்பதுதான் வேறுபாடு. ஆகவே தொடக்க வகுப்புகளில் வாயை மூடி ‘ம்’ என்றே நான்கையும் பழக்கிவிட்டு, அதன்பின் அசைகளை அவற்றின் மேல் ஏற்றுங்கள். மூன்றாம் தொனியைப் புத்தகங்கள் இறங்கி ஏறும் கோடாக வரைந்து காட்டுகின்றன. தொடர்ந்து பேசும்போது அந்த ஏற்றம் பெரும்பாலும் வருவதில்லை; தாழ்ந்த குரல் என்று மட்டும் கற்பித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

தனிச்சொற்களில் நீண்ட நாள் நிற்க வேண்டாம். ‘வொ மாய் சா’ என்ற வாக்கியத்தை எடுங்கள். நடுச்சொல் மூன்றாம் தொனியில் வந்தால் ‘நான் தேயிலை வாங்குகிறேன்’. நான்காம் தொனியில் வந்தால் ‘நான் தேயிலை விற்கிறேன்’. இரண்டு மூன்றாம் தொனிகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் தொனியாக மாறும் என்ற விதியால், வாங்கும் வாக்கியத்தில் ‘வொ’வும் மேலேறி ஒலிக்கும், விற்கும் வாக்கியத்தில் அது தாழ்ந்தே இருக்கும். ஒரு பிள்ளை இதைச் சொல்ல, முதுகு காட்டி நிற்கும் இன்னொரு பிள்ளை, வாங்குவதென்றால் கையை உள்ளே இழுக்கவும், விற்பதென்றால் வெளியே நீட்டவும் வேண்டும். கை தவறினால் பிழை சொன்னவருடையதா, கேட்டவருடையதா என்று வகுப்பே தீர்ப்புச் சொல்லும். தகரக் கூரையில் மழை பெய்யும் நாளில் இந்தப் பயிற்சிக்கு இடமில்லை. அன்று எழுத்துப் பயிற்சிதான்.

அடுத்தது மெய்யொலி. ‘துட்ஸ’ என்பதைச் சாதாரணமாகச் சொன்னால் வயிறு. அதே ‘த’ ஒலியை மூச்சுக்காற்றோடு தள்ளிச் சொன்னால் முயல். தமிழில் இந்த வேறுபாடு இல்லை. சிங்கள எழுத்தில் இருந்தாலும் சிங்களப் பேச்சில் இல்லை. கொப்பித் தாளில் ஒரு துண்டைக் கிழித்து உதட்டின் முன் பிடிக்கச் சொல்லுங்கள்: முயலுக்குத் தாள் அசைய வேண்டும், வயிற்றுக்கு அசையக்கூடாது. இங்கே அச்சு வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேனே தவிர, பிள்ளைகளின் கொப்பியில் சீன ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுத விடாதீர்கள். இரண்டு சொற்களும் ஒன்றாகவே பதிந்துவிடும். அதற்காகத்தான் சீன ஒலிகளை ஆங்கில எழுத்துகளால் எழுதும், 1958இல் சீனா ஏற்றுக்கொண்ட பின்யின் முறை இருக்கிறது. ஆனால் பின்யினின் ‘பி’ (b) எழுத்தைக் கண்டதும் ஆங்கிலப் ‘பஸ்’ நினைவுக்கு வந்துவிடும். ‘பல்’ என்பதன் பகரமே சரியான ஒலி என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மனிதனைக் குறிக்கும் ‘ழென்’ என்ற சொல்லின் முதலொலியும் நம் ழகரத்துக்கு மிகக் கிட்டியது. (ழகரத்தை ளகரமாக்கிப் பேசும் நம் பிள்ளைகளைப் பற்றித் தமிழாசிரியர்கள் கொண்டுள்ள நெடுநாள் மனக்குறைக்கும் இதில் கொஞ்சம் மருந்து உண்டு.)

இலக்கணத்தில் தமிழ் இன்னும் கைகொடுக்கும். ‘நேற்று வந்த ஆசிரியர்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்ல ஆசிரியரை முன்னால் கொண்டுவர வேண்டும். சீனத்தில் நேற்று, வந்த, ஆசிரியர் என்ற நம் வரிசையே வருகிறது, பெயரெச்ச விகுதியின் வேலையை ‘த’ என்ற சிறு சொல் செய்கிறது. ‘வருகிறாயா?’ என்பதன் கடைசி ஆகாரத்தைப் போலவே ‘மா’ என்பதை வாக்கியத்தின் இறுதியில் சேர்த்தால் கேள்வி பிறக்கிறது. செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வருவது மட்டும் நமக்கு மாறானது. அதைத் தனியாகப் பழக்குங்கள்.

கேள்வி: என் மகள் தரம் 6இல் படிக்கிறாள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்றோடு நான்காவதாகச் சீனமும் வேண்டுமா? நமக்கும் அந்த மொழிக்கும் என்ன தொடர்பு?
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: அவள் தமிழைத் தடையின்றி வாசிக்கிறாளா என்று முதலில் பாருங்கள். வாசித்தால் தயங்க வேண்டாம். தடுமாறினால் ஓராண்டு பொறுங்கள், சீனம் எங்கும் ஓடிவிடாது. தொடர்பு பற்றிக் கேட்டீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே 1409ஆம் ஆண்டிட்டு நிறுவிய கல்வெட்டொன்று காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டது. அதில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. தமிழ்ப் பகுதி தெவிநுவரக் கோயிலின் தெய்வமான தேனாவரை நாயனாரைப் போற்றுகிறது. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகும்போது மகளுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: நான் சுற்றுலா வழிகாட்டி. பேசினால் எனக்குப் போதும். எழுத்தும் கற்க வேண்டுமா?
- ஓர் இளைஞர், எல்ல

பதில்: முதல் சில மாதங்களுக்கு வேண்டாம். பிறகு வேண்டும், ஒரே ஒலியுள்ள சொற்கள் பெருகும்போது அவற்றை எழுத்துத்தான் பிரித்துக் காட்டும். ஒரு மரம் மரம், இரு மரங்கள் சோலை, மூன்று மரங்கள் காடு என்று படம்போல் விளங்குபவை கொஞ்சம்தான். பெரும்பாலானவற்றில் ஒரு பகுதி பொருளையும் மறுபகுதி ஒலியையும் உணர்த்தும். அம்மாவைக் குறிக்கும் எழுத்தில் ‘பெண்’ பொருளுக்காகவும், ‘குதிரை’ அதன் ‘மா’ என்ற ஒலிக்காகவும் நிற்கின்றன. இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகியவர், புதிய எழுத்தின் ஒலியையும் பொருளையும் ஓரளவு ஊகித்துவிடுவார். சீன மொழித் திறனைச் சோதிக்கும் எச்.எஸ்.கே. தேர்வு எழுதுவதாயிருந்தால், ஆறு படிகள் கொண்ட பழைய முறையில் முதற்படிக்கு 150 சொற்களும் இரண்டாம் படிக்கு 300 சொற்களும் போதுமாயிருந்தன. அவ்விரு வினாத்தாள்களிலும் எழுத்துகளோடு பின்யினும் அச்சிடப்பட்டிருந்தது. 2021இல் ஒன்பது படிகள் கொண்ட புதிய தரநிலை அறிவிக்கப்பட்டதால், புத்தகம் வாங்குமுன் அது எந்த முறைக்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள்.