மூத்த விண்மீன்கள் சொல்லும் வயது

கேள்வி: உருண்டையாகத் திரண்டிருக்கும் விண்மீன் கொத்துகளை வானியலாளர்கள் இவ்வளவு அக்கறையுடன் ஆராய்வது ஏன்?

பதில்: நமது பால்வெளி மண்டலத்தில் இத்தகைய கொத்துகள் 150-க்கும் மேல் அறியப்பட்டுள்ளன. ஒவ்வொன்றிலும் பல்லாயிரம் முதல் பல லட்சம் வரையிலான விண்மீன்கள் ஈர்ப்பு விசையால் பிணைந்துள்ளன. ஒரு கொத்தின் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவை. நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை. ஆகவே அவற்றில் ஒன்று கூடுதலாக ஒளிர்ந்தால், அது அருகில் இருப்பதால் அப்படித் தெரிகிறதோ என்று ஐயுற வேண்டியதில்லை. வானில் தனித்தனியே சிதறிக் கிடக்கும் விண்மீன்களிடம் இந்த வசதி கிடையாது.

இதனால் கிடைக்கும் மிகப் பெரிய பயன் வயதுக் கணக்கு என்பேன். நிறை மிகுந்த விண்மீன் தன் மையத்து ஹைட்ரஜனை விரைவில் எரித்துத் தீர்த்து, ஊதிப் பெருத்துச் செந்நிறம் அடைகிறது; நிறை குறைந்தது நெடுங்காலம் நிதானமாக ஒளிர்கிறது. எனவே ஹைட்ரஜன் தீரும் கட்டத்தில் இப்போது இருப்பவை எந்த நிறையுடையவை என்று கண்டால், கொத்தின் வயது தெரிந்துவிடும். மிகப் பழைய கொத்துகளில், சூரியனின் நிறையில் சுமார் 0.8 பங்கு உள்ளவையே இன்று அக்கட்டத்தில் இருக்கின்றன. அக்கொத்துகளின் வயது 1,200 முதல் 1,300 கோடி ஆண்டுகள்.

இந்தக் கணக்கு ஒரு காலத்தில் பெரும் சிக்கலையும் உண்டாக்கியது. 1990-களின் முற்பகுதியில் சில கொத்துகளின் வயது 1,500 கோடி ஆண்டுகள் வரை மதிப்பிடப்பட, பேரண்டம் விரியும் வேகத்தைக் கொண்டு கணித்த பேரண்டத்தின் வயதோ அதைவிடக் குறைவாக வந்தது. பேரண்டத்தைவிட மூத்த விண்மீன் அதற்குள் இருக்க முடியாதல்லவா? விண்மீன்களின் தொலைவை அளந்த ஹிப்பார்கஸ் செயற்கைக்கோளின் அளவீடுகள் 1997-இல் வெளிவந்தபோது, கொத்துகள் முன்பு நினைத்ததைவிடத் தொலைவில் இருப்பதாகத் தெரிந்தது. தொலைவு கூடினால் உண்மையான ஒளியும் கூடுதல், ஒளி கூடினால் நிறையும் கூடுதல், நிறை கூடினால் வயது குறைவு. மறுபுறம், பேரண்டம் முடுக்கத்துடன் விரிகிறது என்று 1998-இல் தெரியவந்ததும் பேரண்டத்தின் வயது உயர்ந்து, இன்று ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகளில் நிற்கிறது.

நாம் பால்வெளியின் மையத்தில் இல்லை என்பதையும் இக்கொத்துகளே காட்டின. அவற்றிலுள்ள துடிக்கும் விண்மீன்களை, அதாவது ஒளி சீராகக் கூடிக் குறையும் விண்மீன்களைக் கொண்டு தொலைவைக் கணித்த அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி, கொத்துகள் தனுசு ராசியின் திசையிலுள்ள ஒரு புள்ளியைச் சூழ்ந்திருப்பதை 1918-இல் எடுத்துக்காட்டினார். விண்வெளித் தூசு ஒளியை மங்கச் செய்வதை அவர் கணக்கில் கொள்ளாததால் தொலைவுகள் மிகையாக வந்தன; திசை சரியாகவே இருந்தது.

கேள்வி: அவ்வளவு நெருக்கத்தில் விண்மீன்கள் மோதிக்கொள்ளாவா?

பதில்: அரிதாக மோதுகின்றன. நீல விண்மீன்கள் குறைந்த ஆயுள் உடையவை. பழைய கொத்தில் அவை எப்போதோ அழிந்திருக்க வேண்டும். ஆயினும் எம்3 என்ற கொத்தில் அத்தகையவற்றை அமெரிக்க வானியலாளர் ஆலன் சாண்டேஜ் 1953-இல் கண்டறிந்தார். இரண்டு விண்மீன்கள் மோதி ஒன்றானாலோ, ஒன்று தன் இணையிடமிருந்து வாயுவை ஈர்த்துக்கொண்டாலோ, நிறை கூடி இவ்வாறு மீண்டும் நீலமாக ஒளிர முடியும்.