கையெழுத்துக்கு முன் கேளுங்கள்: சிங்கப்பூரில் வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: தோ பாயோவில் ஒரு நான்கறை வீடு பார்த்தோம். எம்ஆர்டி ரயில் நிலையம் நடக்கும் தூரம். சமையலறை, தரை, கூரை விளக்கு எல்லாம் புத்தம் புதிது. மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டது. இருவருக்கும் 31 வயது. வாங்கலாமா?

பதில்: கூரை விளக்கு வரை எழுதியவர், மீதமுள்ள குத்தகை எத்தனை ஆண்டு என்று எழுதவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு 99 ஆண்டுக் குத்தகைதான்; எழுபதுகளின் தொடக்கத்தில் கட்டிய புளோக் என்றால் ஏறத்தாழ 45 ஆண்டுதான் பாக்கி. உங்கள் வயதோடு கூட்டினால் 76. வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை வராவிட்டால் மத்திய சேம நிதியிலிருந்து எடுக்கக்கூடிய தொகை குறையும்; வீவக கடனும் குறையும். குறைவதை ரொக்கமாகத்தான் ஈடுகட்ட வேண்டும். இருபது ஆண்டு கழித்து விற்கப் போனால், வாங்க வருபவருக்கு மிஞ்சுவது 25 ஆண்டு. அன்றைக்கு யார் என்ன விலை கொடுப்பார்கள்? இதே வீட்டை அறுபது வயதுத் தம்பதி கேட்டிருந்தால் தாராளமாக வாங்கச் சொல்லியிருப்பேன். சமையலறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். குத்தகையை மாற்ற முடியாது.

கேள்வி: மேற்குப் பார்த்த வீடு வாஸ்துப்படி சரியா?

பதில்: வாஸ்து பார்ப்பவரைக் கேளுங்கள். நான் சொல்வது ஒன்றுதான்: வீட்டை மாலை நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். படுக்கையறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு மட்டுமே காட்டுவேன் என்று முகவர் அடம்பிடித்தால் காரணம் உங்களுக்கே புரியும்.

கேள்வி: ஈசூனில் ஒரே புளோக்கில் இரண்டு வீடுகள் விற்பனைக்கு வந்திருக்கின்றன. பரப்பளவு ஒன்று, மாடியும் கிட்டத்தட்ட ஒன்று. இந்தியர் ஒருவர் விற்கும் வீடு மட்டும் 30,000 வெள்ளிக்கு மேல் குறைவு. நாங்களும் இந்தியர்தான். அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: அதிர்ஷ்டமா? அந்த மனிதர் எத்தனை மாதமாக விற்க முடியாமல் தவிக்கிறார் என்று கேட்டீர்களா? 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் இருக்கிறது. ஒரு புளோக்கின் வீடுகளில் அதிகபட்சமாகச் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15 வரை இருக்கலாம். அக்கம்பக்கத்துக்கான வரம்பு இதைவிடச் சற்றுக் குறைவு. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் சீனர் சீனருக்கு விற்கலாம். இந்தியர் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோரில் பெரும் பகுதியினர் சீனர்; அவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சும் சிலரிடம் விலையைக் குறைக்காமல் வேறு வழியில்லை. பல இனத்தவரும் கலந்து வாழ்வதற்கான கொள்கை அது. அதன் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. அதற்கான நட்டத்தைத் தாங்குவது சிறுபான்மை விற்பனையாளர் என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம். விற்கவே முடியாமல் தவிப்போருக்கு வீவக கைகொடுப்பது உண்டு. அதை நம்பி வீடு வாங்காதீர்கள்.

அதைவிடப் பெரிய ஆதங்கம், நம்மவர்கள் வாங்கும்போது இதைப் பார்ப்பதே இல்லை என்பது. பூசைமேடை எந்த மூலையில் என்று அரை மணி நேரம் பேசுகிறார்கள். இன ஒதுக்கீடு நிரம்பிவிட்டதா என்று வீவக இணையத்தளத்தில் பார்க்க இரண்டு நிமிடம் போதும், மாதத்தின் முதல் நாள் அது புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. பதினைந்து ஆண்டு கழித்து விற்க வரும்போதுதான் கடிதம் வருகிறது, எனக்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்தியரிடம் இந்தியர் வாங்குவதால் இன வரம்பு உங்களைத் தடுக்காது. ஆயுள் முழுக்க அங்கேயே இருப்பீர்கள் என்றால் 30,000 லாபம். பிள்ளைகள் வளர்ந்ததும் மாறும் எண்ணம் இருந்தால், இன்று அவர் இருக்கும் இடத்தில் நாளை நீங்கள் இருக்கக்கூடும். இன்னும் பேரம் பேசுங்கள், அல்லது வேறு புளோக் பாருங்கள். நிரந்தரவாசிகளுக்கு, மலேசியர் நீங்கலாக, இன்னொரு ஒதுக்கீடும் உண்டு. நீங்கள் குடிமக்களா என்றுகூட எழுதவில்லை.

கேள்வி: நானும் கணவரும் நிரந்தரவாசிகள். தஞ்சாவூரில் என் பெயரில் ஒரு வீடு இருக்கிறது. இங்கே மறுவிற்பனை வீடு வாங்கும்போது அதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும். வீடு வாங்க வீவக தரும் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போதே சொல்ல வேண்டும். நிரந்தரவாசிகள் வீவக வீட்டையும் வெளிநாட்டு வீட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியாது. “ஊரில் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது” என்று சொல்லும் உறவினர், வீடு பறிபோனால் திருப்பித் தர மாட்டார். இருவரும் நிரந்தரவாசியாகி மூன்றாண்டு ஆகிவிட்டதா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: வீட்டின் மதிப்பீட்டுக்கு மேல் விற்பவர் கேட்கும் தொகையைக் கடனில் சேர்க்க முடியுமா?

பதில்: முடியாது. சேம நிதியிலும் முடியாது. ரொக்கம்.

கேள்வி: நல்ல தொடக்கப்பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் வீடு வாங்கினால் இடம் உறுதிதானே?

பதில்: உறுதியில்லை. முன்னுரிமை மட்டும்தான், விண்ணப்பம் மிகுந்தால் குலுக்கல். அந்த முகவரியில் இரண்டரை ஆண்டு குடியிருக்கவும் வேண்டும். அந்தப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறார்களா என்று கேட்டீர்களா?

கேள்வி: பழைய வீட்டில் முதலில் எதைச் சோதிப்பது?

பதில்: முதலில் குத்தகை, பிறகு ஒதுக்கீடு. இரண்டும் தேறினால் கழிவறைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். சாயம் உப்பியிருக்கிறதா, துருவின் பழுப்புக் கறை தெரிகிறதா, காரை பெயர்ந்து கம்பி எட்டிப் பார்க்கிறதா? பொய்க்கூரை போட்டு மறைத்திருந்தால் ஒரு பலகையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேல்வீட்டிலிருந்து கசிவு என்றால் செலவில் பாதியை வீவக ஏற்கும் திட்டம் உண்டு. மீதியை மேல்வீட்டுக்காரரும் நீங்களும் பகிர வேண்டும். அதனால் வாங்கும் உரிமை தரும் ஆப்ஷன் ஆவணத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் மேல்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.