முதியோர் இல்லத்துக்கு எஸ்பிஏ கடன்: உங்கள் கேள்விகள்

(அமெரிக்காவில் முதியோர் இல்லம் நடத்த விரும்புகிறவர்கள் கேட்டவை. எஸ்பிஏ என்பது அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாக அமைப்பு. சிறுதொழில் கடன் கோப்புகளோடு பழகிய அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.)

கே: அக்கா, எஸ்பிஏ எவ்வளவு பணம் கொடுக்கும்?

ப: பணம் கொடுப்பது வங்கி. எஸ்பிஏவின் பொதுவான தொழில் கடனான 7(ஏ)-வின் உச்சவரம்பு 50 லட்சம் டாலர். 1,50,000 டாலர் வரையான கடனுக்கு 85 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் அரசு ஜாமீன் நிற்கிறது. அந்த ஜாமீன் வங்கிக்குத்தான். தொழில் படுத்தாலும் கடன் உங்கள் தலையில்தான். 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்குள்ள எல்லாரும் சொந்த ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

கே: நானும் கணவரும் நர்ஸ்கள். கலிஃபோர்னியாவில் ஆறு பேர் தங்கும் இல்லம் விலைக்கு வருகிறது. லைசென்ஸும் சேர்த்துத் தருகிறார்களாம். எதை முதலில் பார்க்க வேண்டும்?

ப: அந்த லைசென்ஸைத்தான். அது நடத்துகிறவர் பெயரில் இருப்பது, வீட்டோடு கைமாறாது. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். நிர்வாகிச் சான்றிதழ், தீயணைப்புத் துறை அனுமதி எல்லாம் வேண்டும்.

ஒரு தம்பதி சாதாரண வீடு ஒன்றை வாங்கி இல்லமாக மாற்றினார்கள். நான் போனபோது ஆறு கட்டிலிலும் விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. குளியலறைக் கைப்பிடிக் கம்பியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. தீயணைப்பு அனுமதி தள்ளிப்போய் லைசென்ஸ் வரவில்லை. தவணை மட்டும் மாதாமாதம் போனது. நகையை விற்றுக் கட்டினார்கள். அதனால் நடைமுறை மூலதனத்தையும், அதாவது அன்றாடச் செலவுக்கான பணத்தையும், கடனிலேயே சேர்த்துக் கேளுங்கள். லைசென்ஸ் வந்த அன்றே ஆறு பேரும் வந்துவிட மாட்டார்கள். ஆனால் முதல் பாட்டி வந்த ராத்திரியிலிருந்தே வேலைக்கு ஆள் வேண்டும். அப்புறம், வருமானக் கணக்கில் மெடிகேரை (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சேர்க்காதீர்கள். நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிகேர் பணம் தராது.

கே: மனைவி எச்-1பி எனும் தற்காலிக வேலை விசாவில் இருக்கிறார். 10 சதவீதப் பங்கு கொடுக்கலாமா?

ப: கூடாது. வெளிநாட்டவர் பங்கு வைத்திருப்பது பற்றிய விதி 2025-லிருந்து இறுகிவிட்டது.

கே: கட்டடம் வாங்க உதவும் எஸ்பிஏவின் 504 திட்டத்தில் கைப்பணம் 10 சதவீதம் போதுமாமே?

ப: முதியோர் இல்லம் சிறப்புப் பயன்பாட்டுக் கட்டடம், அதனால் 15. தொழிலும் புதிதென்றால் 20.

கே: லாபநோக்கற்ற அறக்கட்டளையாக ஆரம்பித்தால்?

ப: 7(ஏ), 504 இரண்டும் கிடைக்காது.

கே: 60 பேர் தங்கும் இல்லம் என்றால்?

ப: ஹட் எனும் அரசு வீட்டுவசதித் துறையின் செக்ஷன் 232 கடன் உத்தரவாதத் திட்டத்தைப் பாருங்கள். குறைந்தது 20 பேர் தங்கும் இல்லங்களுக்கானது.

கே: வீட்டை வாங்கி, அனுபவமுள்ள ஒருவருக்கு வாடகைக்கு விட்டால் போதுமே?

ப: வாடகை வாங்குவது மட்டுமே தொழில் என்றால் எஸ்பிஏ கடன் கிடையாது.

கே (அதே நண்பர்): கட்டடம் ஒரு கம்பெனி பெயரிலும் தொழில் இன்னொரு கம்பெனி பெயரிலும் வைத்து வாங்கியிருக்கிறார்களே?

ப: அதற்கு வழி உண்டு. முழு இடத்தையும் தொழில் கம்பெனிக்கே குத்தகைக்குத் தர வேண்டும். அந்தக் கம்பெனியும் கடன் வாங்குபவராகவோ ஜாமீன்தாரராகவோ சேர வேண்டும்.

கே (இன்னொருவர்): அப்படியானால் அந்த அனுபவசாலியின் கம்பெனி ஜாமீன் நின்றால் சரிதானே?

ப: உங்கள் கட்டடத்தின் 25 வருஷக் கடனுக்கு அவர் எதற்கு ஜாமீன் நிற்க வேண்டும்? நின்றால் பங்கு கேட்பார், கேட்பதும் நியாயம். ராத்திரி இரண்டு மணிக்குத் தாத்தா கீழே விழுந்தால் ஓடப்போவது அவர். பங்குதாரராகவே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: லைசென்ஸ் உடனே மாறிவிடும் என்கிறார் புரோக்கர். முன்பணம் கட்டலாமா?

ப: மாறாது என்று மேலேயே சொல்லிவிட்டேன். லைசென்ஸ் கிடைத்தால்தான் கிரயம், இல்லையேல் முன்பணம் திரும்ப வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.