கொலுசு பற்ற வைக்கும் கை

கேள்வி: மகனுக்கு 12 வயது. 6 வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. தினமும் நான்கு ஊசி. ராத்திரி 2 மணிக்கு அலாரம் வைத்து எழுந்து நான்தான் சுகர் பார்க்கிறேன். கணவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்கிறார். இளகின மனசு, ரத்தம் பார்த்தால் ஆகாது. போன வருஷம் ஏற்காடு மலையில் உள்ள நாகலூரில் என் அம்மா இறந்த அன்றுகூட ராத்தங்காமல் கடைசி பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன். இப்போது சென்சாரோடு சேர்ந்த தானியங்கி இன்சுலின் பம்ப் போடலாம் என்கிறார் டாக்டர். நகையை அடகு வைத்து வாங்கினால் எனக்கு விடிவு வருமா?
- ஒரு தாய், சேலம்

பதில்: பம்ப் நல்ல கருவிதான். சென்சார் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை சர்க்கரையைப் பார்த்துச் சொல்லும். பம்ப் அதற்கேற்ப இன்சுலினைக் கூட்டும், குறைக்கும், இறங்கப்போகிறது என்றால் நிறுத்தியும் வைக்கும். அதன் அருமை ராத்திரியில்தான் தெரியும். ஆனால் பையன் தட்டுவடை செட் சாப்பிடப் போகிறான் என்றால், எவ்வளவு மாவுச்சத்து என்று முன்கூட்டியே யாராவது கணக்குக் கொடுக்க வேண்டும். 2, 3 நாளுக்கு ஒருமுறை, இன்சுலின் உடம்புக்குள் போகும் குழாயை மாற்ற வேண்டும்.

கருவியைப் பற்றி இது போதும். பெற்ற தாய் இறந்த அன்று கடைசி பஸ்ஸா? 20 கொண்டை ஊசி வளைவையும் அழுதுகொண்டே இறங்கியிருப்பீர்கள். அம்மாவுக்கு விளக்கேற்றிய வீட்டில் ஒரு ராத்திரி உட்கார முடியாமல் உங்களை விரட்டியது சர்க்கரை நோய் இல்லை அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் இளகின மனசு. கடுகளவு வெள்ளி முத்தை நெருப்பில் பற்ற வைக்கிற கைக்கு, பிள்ளையின் விரலில் ஒரு சொட்டு எடுக்க வராதா? பட்டறையில் விரல் கிழிந்தால் மயங்கியா விழுகிறார்? துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்க்கிறார் இல்லையா!

தப்பில் பாதி உங்களுடையது. ஆறு வருஷமாக 'அவருக்கு ஆகாது' என்று ஊருக்கெல்லாம் சொல்லி, அவரையும் நம்ப வைத்துவிட்டீர்கள். பெற்றதில் பாதி என்றால் பார்ப்பதிலும் பாதி. இதில் நான் யாருக்கும் இறங்கி வர மாட்டேன். 1922இல் டொரண்டோவில் ஒரு பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அப்புறம் மருந்து மாறியது, ஊசி இன்சுலின் பேனாவானது, பேனா பம்ப் ஆனது. உங்கள் வீட்டில் 2 மணிக்கு எழுகிற ஆள் மட்டும் மாறவில்லை.

பம்ப்பில் ஓடுவது வேகமாக வேலை செய்து தீர்ந்துவிடும் இன்சுலின் மட்டும். குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ சில மணி நேரத்தில் சர்க்கரை ஏறி, ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் சேர்ந்து, ஆஸ்பத்திரி வரை போய்விடும். அப்போது விரலைக் குத்திப் பார்த்து, பேனாவில் ஊசி போட்டு, புதுக் குழாய் மாட்டுவது யார்? அதுவும் நீங்கள்தான் என்றால் நகை போனதுதான் மிச்சம்.

நகை இருக்கட்டும். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிப்போங்கள். வண்டியை நிறுத்திவிட்டு டீக்கடையில் நிற்க அல்ல, உள்ளே வந்து உட்கார. சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பினால் வாயில் எதுவும் ஊட்டக் கூடாது. சர்க்கரையை ஏற்றிவிடும் குளுக்கோகான் ஊசி இருந்தால் போட்டுவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் அவர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். விரல் குத்தக் கற்றுக்கொடுக்க உங்கள் மகனே போதும், ஆறு வருஷ அனுபவம் உள்ள வாத்தியார். ஒரு மாதம் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே ராத்திரி முறையை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

அம்மாவின் திதி வருமே, அதற்கு நாகலூர் போய் இரண்டு ராத்திரி தங்குங்கள். அவர் போன் செய்வார். கேட்டதைச் சொல்லிக்கொடுங்கள். பஸ் மட்டும் ஏறாதீர்கள்.