நான்கு கால்பகுதிகள், முப்பது நொடிகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். ஆண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக்கை, அதாவது பந்தை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறிந்தாக வேண்டிய கெடுவை, 35 நொடியிலிருந்து 30 ஆகக் குறைத்தார்கள். வெளியே நின்று எறிந்து விழுந்தால் மூன்று புள்ளி தரும் கோட்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள். இப்போது இரண்டு பாதிகளை நான்கு கால்பகுதிகளாக மாற்றலாம் என்கிறார்கள். இப்படியே போனால் இது தொழில்முறை ஆட்டமான என்.பி.ஏ.வின் நகலாகிவிடாதா? நிதானமாக ஆடிப் பெரிய அணிகளைக் கவிழ்க்கும் சிறிய கல்லூரிகளுக்கு இனி இடமிருக்குமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் கவலையின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஓர் ஆட்டத்தில் பந்து ஓர் அணியிடமிருந்து மற்றதற்குப் போகும் தடவைகள் குறையக் குறைய, அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். ஆகவே மெதுவாக ஆடுவது எளிய அணியின் ஆயுதம். இந்தக் கணக்கில் பிழையில்லை. 1996-இல் பிரின்ஸ்டன் அணி நடப்புச் சாம்பியனான யு.சி.எல்.ஏ.வை 43-41 என்று வென்றது இப்படித்தான். ஆனால் அதே ஆயுதம் வலியவன் கைக்கும் போகும் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1982-இல் அட்லாண்டிக் கோஸ்ட் தொடரின் இறுதியாட்டத்தில், நெடிய நட்சத்திர ஆட்டக்காரர் ரால்ஃப் சாம்ப்சன் ஆடிய வர்ஜீனியாவுக்கு எதிராக ஒரே ஒரு புள்ளி முன்னிலை கிடைத்ததும், டீன் ஸ்மித் பயிற்றுவித்த வட கரோலினா அணி கூடையின் பக்கமே போகாமல் ஏழு நிமிடத்துக்கும் மேலாகப் பந்தைத் தங்களுக்குள்ளேயே கைமாற்றிக்கொண்டே இருந்தது. அந்த அணியில் முதலாண்டு மாணவராக மைக்கேல் ஜோர்டன் இருந்தார். நாடே தொலைக்காட்சியில் பார்த்த ஆட்டம் 47-45 என்று முடிந்தது. மூன்று ஆண்டுகளில், 1985-86 பருவத்திலிருந்து, 45 நொடி ஷாட் கிளாக் நாடு முழுவதற்குமான விதியாயிற்று. (பெண்கள் ஆட்டம் 1970-களின் தொடக்கத்திலேயே 30 நொடிக்கு வந்துவிட்டது. ஆண்கள் அந்த எண்ணை எட்ட 2015 வரை ஆயிற்று.)

கடிகாரம் சுருங்கியதால் சிறிய கல்லூரிகள் நசுங்கினவா? தேசியத் தொடரில் 64 அணிகள் ஆடத் தொடங்கிய 1985 முதல் 2017 வரை, தரவரிசையின் கடைசியில் இருக்கும் 16-ஆம் தர அணி, உச்சியில் இருக்கும் முதல் தர அணியோடு மோதிய 132 ஆண்கள் ஆட்டங்களில் ஒன்றில்கூட வென்றதில்லை. முதல் வெற்றி 2018-இல் வந்தது. 30 நொடி விதிக்குப் பிறகு. 16-ஆம் தர யு.எம்.பி.சி. அணி முதல் தர வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. அன்றைக்கு மெதுவாக ஆடிப் பேர்பெற்றிருந்தது எளிய அணியல்ல, வர்ஜீனியாதான் என்பதைக் கவனியுங்கள். இடைவேளையில் 21-21. பிற்பாதியில் யு.எம்.பி.சி. 53 புள்ளிகள் எடுத்தபோது, குறைந்த வாய்ப்புகளில் கறாராக ஆடிப் பழகிய வர்ஜீனியாவுக்குத் துரத்திப் பிடிக்கும் வேகம் இல்லை. 2023-இல் கல்லூரிக் கூடைப்பந்தின் உச்சப் பிரிவிலேயே மிகக் குள்ளமான அணியான ஃபேர்லி டிக்கின்சன், ஏழடி நான்கங்குல சாக் ஈடி நின்ற பர்டூவை 63-58 என்று வென்றது. பர்டூ எறிந்த 26 மூன்று புள்ளி எறிகளில் ஐந்துதான் விழுந்தன. எளிய அணியின் ஆயுதம் பறிபோகவில்லை, மாறிவிட்டது. இப்போது அது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. 2019-இல் ஆண்கள் ஆட்டத்தில் அந்தக் கோட்டைச் சர்வதேசத் தொலைவுக்குத் தள்ளியும் அது மழுங்கிவிடவில்லை.

என்னைக் கேட்டால், எண்களை மாற்றும் விதிகளுக்கு நாம் தேவைக்கு அதிகமான பெருமையையும் பழியையும் சேர்த்துக் கொடுக்கிறோம். 2012-13-இல் ஆண்கள் ஆட்டத்தில் ஓர் அணியின் சராசரி 67.5 புள்ளிகளாக இறங்கியது. அறுபது ஆண்டுகளில் அதுவே மிகக் குறைவு. மறு பருவத்தில் கடிகாரத்தைத் தொடவே இல்லை. பந்தோடு வருபவர் மேல் கைவைத்துத் தடுத்தால் தயங்காமல் விசில் ஊதுங்கள் என்று நடுவர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னார்கள். சராசரி 71-ஐத் தொட்டது. அதற்கடுத்த ஆண்டு விசில் தளர்ந்தது, புள்ளிகளும் பழையபடி இறங்கின. அதன் பிறகே 30 நொடி வந்தது. அதனோடு சேர்ந்து நடுவர்களுக்கான கண்டிப்பும் திரும்பியது. புள்ளிகள் ஏறியதற்கான புகழ் முழுவதும் கடிகாரத்துக்குப் போனது.

கால்பகுதி யோசனைக்கு வருகிறேன். பெண்கள் ஆட்டம் 2015-16 முதல் பத்து நிமிடக் கால்பகுதிகளில்தான் நடக்கிறது. ஆண்களுக்கும் அதைக் கொண்டுவரும் பேச்சு வலுத்திருப்பதாக 2025-இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிக்குழுவே சொன்னது. முட்டுக்கட்டைகளில் ஒன்று விளம்பரம்: ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடங்கள் மீதமிருக்கும் நேரங்களை ஒட்டி வரும் தொலைக்காட்சி இடைவெளிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது. ஆட்டத்தைப் பொறுத்தவரை, நேரத்தை எத்தனை துண்டாக நறுக்குகிறோம் என்பதைவிட ஃபவுலை எப்படி எண்ணுகிறோம் என்பதே முக்கியம். இன்று ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் எதிரணி ஏழாவது ஃபவுல் செய்தால் ‘ஒன் அண்ட் ஒன்’ தொடங்குகிறது: முதல் ஃப்ரீ த்ரோ (தடுப்பாரின்றிக் கோட்டில் நின்று எறிவது) விழுந்தால்தான் இரண்டாவது. பத்தாவது ஃபவுலிலிருந்து இரண்டும் உறுதி. ஒரு பாதியின் முதல் பத்து நிமிடத்துக்குள் ஏழு ஃபவுல் ஆகிவிட்டால், மீதிப் பத்து நிமிடமும் தொட்டதற்கெல்லாம் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு நடக்கும் அலுப்பை நீங்கள் அறிவீர்கள். பெண்கள் முறையில் ஒவ்வொரு கால்பகுதியிலும் ஐந்தாவது ஃபவுலுக்கு இரண்டு எறி, அடுத்த கால்பகுதியில் கணக்கு பூச்சியத்திலிருந்து. ஆட்டத்தின் ஓட்டத்துக்கு இது நல்லது. ஆனால் ஃப்ரீ த்ரோ கொடுக்காமல் செய்யக்கூடிய ஃபவுல்கள், பாதிக்கு ஆறு வீதம் 12 என்பதிலிருந்து, கால்பகுதிக்கு நான்கு வீதம் 16 ஆகின்றன. முரட்டுத்தனமாகத் தடுக்கும் அணிகள் இதைக் கணக்குப் போட்டு வைத்திருக்கும்.

‘ஒன் அண்ட் ஒன்’ போய்விடும் என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஒரு புள்ளி பின்தங்கிய நிலையில், கடைசி நொடிகளில் பத்தொன்பது வயதுப் பையன் அந்தக் கோட்டில் தனியாக நிற்கிறான். முதல் எறி தவறினால் இரண்டாவது வாய்ப்பே கிடையாது. அப்படியொரு நெருக்கடி என்.பி.ஏ.வில் இல்லை. ஆயினும் இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்த்தால் நான் கால்பகுதிகளின் பக்கம்தான்.

நகலாகிவிடுமா என்றால், இல்லை. கால்பகுதிகள் வந்தாலும் ஆட்டம் 40 நிமிடம்தான், என்.பி.ஏ.வின் 48 அல்ல. கடிகாரமும் 24-க்கு இறங்கவில்லை. இவற்றைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. என்.பி.ஏ.வில் 2001 முதல், யாரையும் காக்காமல் ஒரு தடுப்பாட்டக்காரர் கூடையடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரி ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை. உயரமானவர் அங்கேயே நிற்கலாம். ஜிம் போஹைம் பயிற்றுவித்த சிரக்யூஸ் அணி ஆண்டுக்கணக்கில் ஆடிய 2-3 ஜோன் (முன்னால் இருவர், கூடையருகே மூவர் என நின்று ஆளையல்ல, இடத்தைக் காப்பது) அதனால்தான் செல்லுபடியானது. கல்லூரி ஆட்டத்தின் முகமே அந்தச் சுதந்திரம் என்பது என் எண்ணம். அதில் கைவைக்கும் யோசனை விதிக்குழுவின் முன் வரும் நாளில் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அன்று உங்கள் பக்கம் நிற்பேன்.